‘ஊட்டம்’ என்னும் சொல்லுக்கு வேர் காண்பது எப்படி? இராமநாதபுரக் கடற்கரையினருக்கு ஒரு வழிகாட்டி

அங்கன்வாடிச் சுவரிலும் உரக்கடைப் பலகையிலும் ஒருசேர இடம்பெறும் சொற்கள் தமிழில் மிகுதியாக இல்லை. ‘ஊட்டம்’ அத்தகைய ஒரு சொல். பிள்ளைக்கும் ஊட்டம் வேண்டும், மிளகாய்ச் செடிக்கும் ஊட்டம் வேண்டும் என்று நாம் நாள்தோறும் பேசுகிறோம். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, ‘உணவு’ என்னும் சொல்லோடு அதற்கு என்ன உறவு, அந்த உறவை ஐயமின்றி நிறுவுவது எவ்வாறு என்று கேட்டால் பெரும்பாலோர் ஊகத்தைத்தான் விடையாகத் தருகின்றனர். தொண்டி முதல் மூக்கையூர் வரை உள்ள நம் கரையில் வாழும் மாணவர்களும் ஆசிரியர்களும் சொல்லாய்வில் ஆர்வமுள்ள பிறரும், பெரிய நூலகம் எதுவும் அருகில் இல்லாமலேயே இந்தச் சொல்லின் வேரைத் தாமே கண்டறிவதற்கான முறையை இங்கே விளக்குகிறேன். முறையைக் கற்றுக்கொண்டவர் வேறு சொற்களுக்கும் அதனைப் பயன்படுத்தலாம்.

பேச்சில் தொடங்குங்கள்

முதலில் அகராதியைத் திறக்க வேண்டாம். அகராதி தரும் பொருளைப் படித்துவிட்டு மக்களிடம் சென்றால், படித்த பொருளையே காதும் தேடும். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, அச்சொல் வரும் வாக்கியங்களைச் சொன்னவர் சொன்னபடியே முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். தனிச் சொல்லை மட்டும் குறித்தால் அதனால் பயன் இல்லை. அச்சொல் யாரை எழுவாயாகக் கொண்டது, யாருக்கு எதைத் தந்தது என்பவை வாக்கியத்தில்தான் தெரியும். ‘பிள்ளை ஊட்டமா வளருது’, ‘நிலத்துக்கு ஊட்டம் பத்தலை’ போன்ற வாக்கியங்கள் எளிதில் கிடைக்கும். வேளாண்மைத் துறையினர் வழங்கும் ‘ஊட்டமேற்றிய தொழுவுரம்’, ‘நுண்ணூட்டக் கலவை’ ஆகிய தொடர்களையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, அச்சொல்லின் அண்டையில் வாழும் சொற்களையும் சேகரியுங்கள். தூண்டில் முள்ளில் கோப்பது இரை. இறால் பண்ணையில் போடுவது தீவனம். மாட்டுக்கு வைப்பது தீனி. தட்டில் விழுவது சோறு. இவற்றுள் எதனையும் ‘ஊட்டம்’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், வாக்கியம் இடறும். ‘ஊட்டம்’ பொருளின் பெயராக இல்லாமல், அந்தப் பொருள் உடம்புக்குள் சென்று செய்யும் செயலின் பெயராக நிற்பதே அதற்குக் காரணம். இந்த வேறுபாட்டை இப்போதே குறித்து வைத்துக்கொண்டால், பின்னர் இலக்கணத்தை ஆராயும்போது அது பெரிதும் உதவும்.

மாடு வளர்ப்பவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். கட்டுத்தறியிலிருந்து அவிழ்ந்த கன்று தாயிடம் பாலைக் குடித்துவிட்டால், ‘கன்னு ஊட்டிருச்சு’ என்று சொல்வோர் உண்டு. ஊட்டுவது தாய்தானே, கன்று எப்படி ஊட்டும் என்று நகரத்துக் காதுக்குத் தோன்றலாம். திருத்த முற்படாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு வழக்கு பாதுகாத்து வைத்திருக்கும் பொருள்நுட்பம் எழுத்து வழக்கில் கிடைப்பதில்லை.

சொல்லைப் பிரித்தல்

இப்போது சொல்லின் வடிவத்துக்கு வருவோம். ‘ஊட்டம்’ என்பதன் இறுதியில் உள்ள ‘அம்’ தொழிற்பெயர் விகுதி. அதனை நீக்கினால் ‘ஊட்டு’ எஞ்சும். கூட்டு, கூட்டம் என்பதைப் போன்ற அமைப்பு இது. ஆனால் இங்கே ஒரு கேள்வியை எழுப்பியே ஆக வேண்டும். ஆடு என்னும் வினையிலிருந்து ஆட்டமும், ஓடு என்பதிலிருந்து ஓட்டமும், வாடு என்பதிலிருந்து வாட்டமும் பிறக்கின்றன. அப்படியானால் ‘ஊடு’ என்னும் வினையிலிருந்து ‘ஊட்டம்’ பிறந்திருக்கக் கூடாதா? ஒலி அமைப்பு மட்டும் சான்று என்றால், அதற்கு இடம் இருக்கவே செய்கிறது. ஆயினும் ஊடுதல் என்பது காதலர் பிணக்கம்; அதன் பெயர் ஊடல். நீங்கள் எழுதி வைத்த வாக்கியங்களில் ஒன்றிலேனும் பிணக்கத்தின் சாயல் இல்லை. ஆகவே அந்த வழியை அடைத்துவிடலாம். வடிவமும் பொருளும் இரண்டும் ஒத்துக்கொண்டால் மட்டுமே உறவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை இந்த ஒரு சோதனையே கற்பித்துவிடும். மேடைகளிலும் கைப்பேசித் தகவல்களிலும் உலவும் சொல்விளக்கங்களுள் பல, இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்டவை என்பது எனக்கு வருத்தம் தருவது.

‘ஊட்டு’ என்பது ‘உண்’ என்னும் வினையின் பிறவினை. தானே உண்பது தன்வினை. பிறரை உண்ணச் செய்வது பிறவினை. உண் எப்படி ஊட்டு ஆயிற்று என்று கேட்பவருக்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம். முதலாவது, காண் என்பது காட்டு என்றும், பூண் என்பது பூட்டு என்றும் ஆகின்றன. அதாவது ணகர மெய்யில் முடியும் வினை பிறவினையாகும்போது ‘ட்டு’ என்று முடிகிறது. இது ஈற்றை விளக்குகிறது. முதலெழுத்து நீண்டதை விளக்கவில்லை. அதற்கு இரண்டாவது சான்று வேண்டும். படு என்பது பாடு என்றும், கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் முதல் உயிர் நீண்டு பெயராவதை இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று படித்திருப்பீர்கள். உண் என்பது அதே முறையில் ‘ஊண்’ ஆகிறது.

இந்த இரு சான்றுகளையும் ஒருசேர உறுதிப்படுத்தும் இணை ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. உண், ஊண், ஊட்டு என்னும் மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். அதன் கீழே தின், தீன், தீற்று என்னும் மூன்றையும் எழுதுங்கள். தின் என்னும் வினை. அதன் உயிர் நீண்டு உணவைக் குறிக்கும் தீன். பிறரைத் தின்னச் செய்யும் தீற்று. மாட்டுத்தீனியும் நொறுக்குத்தீனியும் இந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். இரு வேறு வினைகள் ஒரே தடத்தில் நடந்து, ஒரே வகையான மூன்று வடிவங்களைப் பெற்றிருக்கும்போது, அதனைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. சொல்லாய்வில் ஈடுபடுகிறவர் தேட வேண்டிய சான்று இத்தகையதே: ஒரு சொல்லுக்கு மட்டும் பொருந்தும் விளக்கத்தைக் காட்டிலும், பல சொற்களை ஒரே விதிக்குள் கொண்டுவரும் விளக்கம் வலியது.

பழைய நூல்களில் சோதித்தல்

வடிவத்தால் நிறுவியதைப் பழைய ஆட்சியால் சோதிக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க நூல்களும் பிற்கால இலக்கியங்களும் உரையோடு கிடைக்கின்றன. உண், ஊட்டு ஆகிய இரண்டும் ஒரே அடியில் வரும் இடத்தைத் தேடுங்கள். உறவுடைய சொற்கள் அருகருகே நிற்கும்போது அவற்றின் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கலித்தொகையின் 11-ஆம் பாடலில் அப்படி ஓர் இடம் உள்ளது. பாலை நிலத்தில் கலங்கிக் கிடக்கும் சிறிதளவு நீரை, ‘பிடி ஊட்டிப் பின் உண்ணும் களிறு’ என்று அந்தப் பாடல் கூறுகிறது. ஆண் யானை முதலில் தன் பிடிக்கு ஊட்டுகிறது; பிறகு தான் உண்கிறது. தன்வினையையும் பிறவினையையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் அடியை நான் அறியேன். ஊட்டம் என்னும் சொல்லின் கருவில் கொடுக்கும் கை ஒன்று இருக்கிறது என்பதை நான் இந்த அடியைக் கொண்டே மாணவர்களுக்கு விளக்க விரும்புவேன்.

அதே அடியில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. களிறு உண்டது சோறோ தழையோ அன்று, நீர். இன்று நாம் நீரைக் குடிக்கிறோம், சோற்றை உண்கிறோம். பழந்தமிழில் இரண்டும் உண்ணுதலே. ‘உண்ணற்க கள்ளை’ என்று தொடங்கும் 922-ஆம் குறளும், அக்குறள் இடம்பெற்ற கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தின் பெயரும் இதற்குச் சான்று. இந்தப் பழம்பொருள் வழக்கொழிந்துவிட்டது என்று நூல்களை மட்டும் படிப்பவர் எண்ணக்கூடும். நம் மாவட்டத்தில் அது ஊர்தோறும் உயிரோடு இருக்கிறது. குடிநீருக்கென்று ஊரார் காத்துவந்த குளத்தை நாம் ஊரணி என்கிறோம். இராமநாதபுரம் நகரத்தின் முகவை ஊரணியையும் அப்பெயராலேயே அறிவோம். அதன் திருந்திய வடிவம் ஊருணி. ஊரார் உண்ணும் நீர்நிலை என்பது அதன் பொருள். ‘ஊருணி நீர்நிறைந் தற்றே’ என்று 215-ஆம் குறளில் அது வருகிறது. உணவு, உணா ஆகிய சொற்களில் உள்ளதைப் போலவே ஊருணியிலும் ணகரம் இரட்டிக்காமல் நிற்பதைக் கவனியுங்கள். கிணற்று நீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும் கரையில் வாழ்ந்தவர்களுக்கு, மழைநீரைத் தேக்கிய ஊருணியே உயிர் காத்தது. அந்நீர்நிலைக்கு இட்ட பெயரிலேயே உண்ணுதல் இருப்பது இயல்பே. பேச்சில் உகரம் அகரமாக மாறியதால் வேர் மறைந்துவிட்டது. பழைய எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டால் மீண்டும் வெளிப்படும். பேச்சு வடிவத்தை மட்டும் நம்பி ‘அணி’ என்று பிரித்துவிடாதீர்கள்.

பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றின் 18-ஆம் பாட்டையும் இந்த இடத்தில் படிப்பது நல்லது. ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்னும் அடியைப் பலரும் அறிவர்; ஆனால் அதற்கு ஓரடி தள்ளி வரும் ‘உணவெனப் படுவது நிலத்தொடு நீரே’ என்னும் அடியே சொல்லாய்வாளருக்குப் பொருள் வரையறையாக விளங்குகிறது. நிலமும் நீரும் சேர்வதே உணவு என்று கூறி, நீர்நிலைகளைப் பெருக்குமாறு அரசனுக்குப் புலவர் அறிவுறுத்துகிறார். கண்மாயை நம்பிப் பயிர்செய்யும் நாட்டுக்கு அது இன்றும் பொருந்துகிறது. உண்டி, உணவு என்னும் இருவேறு பெயர்கள் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வருவதால், உண் என்னும் வேர் அக்காலத்திலேயே பல பெயர்களை ஈன்றிருந்தது என்பதும் இதனால் தெளிவாகிறது. ஐந்திணைக் கருப்பொருள்களைத் தொகுக்கும் தொல்காப்பிய நூற்பா உணவை ‘உணா’ என்று குறிக்கிறது. நெய்தல் நிலத்து உணா, உப்பையும் மீனையும் விற்றுப் பெற்ற பொருள் என்பது பின்வந்தோர் தரும் விளக்கம். உப்பளமும் வலையும் இன்றும் உள்ள நம் கரைக்கு அது புதிய செய்தி அன்று.

ஒத்த ஒலியில் வழுக்காதிருத்தல்

வேர் தேடுவோர் பெரிதும் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதற்கண் ‘உண்டு’ என்னும் சொல். ‘கடலில் மீன் உண்டு’ என்பதில் உள்ள உண்டும், ‘மீனை உண்டு களைப்பாறினான்’ என்பதில் உள்ள உண்டும் எழுத்தால் ஒன்றே; வேரால் வேறு. முன்னது உள் என்பதிலிருந்து வந்தது. கொள் என்பது கொண்டு என்று ஆவதைப் போல, உள் என்பது உண்டு என்று ஆகிறது. பின்னது உண் என்பதன் வினையெச்சம். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய புறநானூற்றின் 182-ஆம் பாட்டு இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும் சிறந்த பயிற்சிக் களம். ‘உண்டால் அம்ம இவ்வுலகம்’ என்று தொடங்குமிடத்தில் உலகம் நிலைபெற்றிருக்கிறது என்பது பொருள். அமிழ்தமே கிடைத்தாலும் ‘தமியர் உண்டலும் இலரே’ என்னுமிடத்தில் தனித்து உண்ணுதலைக் குறிக்கிறது. இந்தப் பாட்டை உரை பார்க்காமல் ஒருமுறை படித்து, இரண்டு இடங்களிலும் வேரை நீங்களே குறித்துவிட்டு, அதன் பின்னர் உரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஊண் என்பதும் ஊன் என்பதும். ணகரத்தோடு எழுதினால் உணவு. னகரத்தோடு எழுதினால் தசை, உடல். திருவாசகத்தில், ‘பால்நினைந்து ஊட்டும் தாயினும் சாலப் பரிந்து’ என்று தொடங்கும் பாட்டு உடனே ‘ஊனினை உருக்கி’ என்று தொடர்கிறது. ஊட்டும் என்பது உண் குடும்பம். ஊன் என்பது அந்தக் குடும்பத்தைச் சேராதது. நம் உத்தரகோசமங்கையைப் பாடிய மாணிக்கவாசகரின் நூல் என்பதால், இப்பகுதிப் பிள்ளைகளுக்கு இந்த எடுத்துக்காட்டைச் சொல்லிக்கொடுத்தால் எளிதில் மனத்தில் பதியும். பேச்சில் ண, ன வேறுபாடு மங்கிவிட்டதால், இவ்விரு சொற்களையும் காதால் அன்றி எழுத்தால்தான் பிரித்தறிய வேண்டும்.

மூன்றாவது, நெய்தல் பாட்டுகளைப் படிக்கும்போது எதிர்ப்படும் ‘உணக்கல்’, ‘உணங்கல்’ ஆகியவை. நற்றிணையின் 45-ஆம் பாட்டில் பரதவர் மகள், ‘நிணச்சுறா அறுத்த உணக்கல் வேண்டி’ பறவைகளை ஓட்டுகிறாள். சுறா உணவுதானே, ஆகவே உணக்கலும் உண் என்பதிலிருந்து வந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உணங்குதல் என்றால் காய்தல். உணக்குதல் என்றால் காயவைத்தல். நாம் கருவாடு என்பதை மலையாளத்தார் உணக்கமீன் என்பர். மணலில் மீன் காய்வதை நாள்தோறும் பார்க்கும் நமக்கு இந்தப் பொருளைப் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு இருக்காது.

கோயில் உண்டியல், வணிகர்கள் பணமாற்றுக்குப் பயன்படுத்திய உண்டி என்னும் இந்திச் சொல்லோடு தொடர்புடையது. சோற்றைக் குறிக்கும் உண்டியோடு அதற்கு உறவில்லை. ‘பெயர் சூட்டு’, ‘தீ மூட்டு’ ஆகியவற்றின் நடுவே ஊட்டு இருப்பதாகக் கருதுவதும் பிழை. அவை சூட்டு, மூட்டு என்னும் தனி வினைகள். ‘நினைவூட்டு’, ‘அறிவூட்டு’ ஆகியவற்றிலோ ஊட்டு முழுமையாகவே உள்ளது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பெரியவர்கள் ‘தீன்’ என்று சொல்லும்போது அது மார்க்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல்; தின் என்பதிலிருந்து பிறந்த தீனோடு அதனைக் கலந்துவிடக் கூடாது. யார் பேசுகிறார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறவு மொழிகளில் கேட்டறிதல்

இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களால் நமக்கு அரிய வாய்ப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. கன்னடக்காரர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கையில் ‘ஊட்டா ஆய்தா’ என்று கேட்பதை அக்னி தீர்த்தக் கரையிலேயே கேட்கலாம். சாப்பாடு ஆயிற்றா என்பது அதன் பொருள். மலையாளத்தாரோ சோற்றுணவை ஊணு என்பர்; உண்ணுக, ஊட்டுக என்னும் இரு வினைகளும் அவர்களிடம் உண்டு; கோயில்களில் உணவளிக்கும் மண்டபம் ஊட்டுபுர; திருச்சூர் வடக்குநாதர் கோயிலில் யானைகளுக்கு உணவளிக்கும் விழா ஆனயூட்டு. கால்நடைத் தீனியை அவர்கள் தீற்ற என்பதால், நாம் மேலே எழுதிய இரண்டாவது வரிசைக்கும் அங்கிருந்து சான்று வந்துவிடுகிறது. தெலுங்கரோ தின் என்பதன் உறவான தினு என்பதையே உண்பதற்கு அன்றாடம் வழங்குகின்றனர்.

இவ்வாறு கேட்டறிந்ததைச் சரிபார்க்க, பரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி இருக்கிறது. அது 1961-இல் வெளிவந்து, 1984-இல் திருத்தப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உங்கள் குறிப்பேட்டில் உள்ள பொருளுள் எதை அகராதி விட்டிருக்கிறது என்று பாருங்கள். அதுவே நீங்கள் தமிழுக்குச் சேர்க்கக்கூடிய பங்கு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பிறந்த இராமநாதபுரச் சீமையில், இந்தப் பணிக்கு ஆர்வமுள்ள இளைஞர்கள் இல்லாமல் போகக் கூடாது என்பது என் விருப்பம்.

இன்றைய பொருளும் பதிவும்

ஊட்டு என்னும் வினை, வாயில் கவளம் வைப்பதோடு நின்றுவிடவில்லை. அகிற்புகை ஊட்டுதல், செம்பஞ்சு ஊட்டுதல், உயிரூட்டுதல் என்று ஒன்றுக்குள் மற்றொன்றைச் சேர்த்து நிறைப்பதையெல்லாம் அது குறித்தது. நிலத்துக்கு ஊட்டம் என்பது இந்த விரிவின் வழியே வந்தது என்று கொள்வது பொருந்தும். உயிரியலில் பாலூட்டி என்னும் சொல்லும் இவ்வினையினது. நம் கடலில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு கடற்புல்லை உண்கிறது, கன்றுக்குப் பாலை ஊட்டுகிறது; ஒரே உயிரினத்தைக் கொண்டு இரு வினைகளையும் விளக்கிவிடலாம்.

ஊட்டச்சத்து, சத்துணவு ஆகியவற்றில் உள்ள ‘சத்து’ வடமொழியின் சத்துவம் என்பதோடு தொடர்புடையது. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்குப் பிறகு, அச்சொல் படிக்காதவர் வாயிலும் பழகிவிட்டது. 2018 மார்ச் 8 அன்று தொடங்கப்பட்ட நடுவண் அரசுத் திட்டத்தின் பெயரில் உள்ள ‘போஷன்’ என்பதும், பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கைத் தமிழர் வழங்கும் போசாக்கு என்பதும் வளர்த்தலைக் குறிக்கும் வடமொழி வேர் ஒன்றிலிருந்து வந்தவை. பொருள் ஒன்றாயினும் வேர் வேறு. ஆகையால் அவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

பதிவை முடிக்கும்போது, தலைச்சொல்லாக ‘ஊட்டம்’ என்று எழுதி, அதன் கீழே ஊட்டு, ஊண், உண் என்று படிப்படியாக வேர்வரை இறங்குங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நூல் ஆட்சியும் ஒரு பேச்சு வாக்கியமும் சேருங்கள். பேச்சு வாக்கியத்தோடு ஊரின் பெயர், சொன்னவரின் தொழில், ஏறத்தாழ வயது ஆகியவை போதும், ஆளின் பெயர் வேண்டியதில்லை. ஊரணியைத் தனித் தலைச்சொல்லாகவே வைத்து, ஊருணி என்னும் வடிவத்தை அடைப்பில் காட்டுங்கள். உங்கள் ஊரில் எந்தெந்த ஊரணியில் இன்னும் குடிக்க நீர் எடுக்கிறார்கள் என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள், ஏனெனில் அந்தப் பொருள் வழக்கில் இருப்பதற்கு அதுவே சான்று.